எபேசுவில் எடுத்த படம்

எங்கள் வீட்டுச் சாமி அறையில் என் கணவரின் முதல் மனைவி சிரித்துக்கொண்டிருக்கிறார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. சட்டத்தைச் சுற்றிச் சிறு விளக்குச் சரம் உண்டு. சுவிட்சைப் போட்டால் சிவப்பும் பச்சையுமாக ஓடும். படத்தின் பின்னணி முழுக்க மேகம் போட்ட நீலம். எங்கள் கிள்ளான் நகரில் இறந்துபோனவர்களில் பாதிப் பேர் இந்த நீலத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் கொடுத்தாலும் சரி, பத்துமலைப் படியில் எடுத்ததைக் கொடுத்தாலும் சரி, ஸ்டூடியோக்காரர் ஆளை மட்டும் வெட்டி எடுத்து ஆகாயத்தில் ஒட்டிவிடுவார்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தவள். படத்தை வெட்டி எடுப்பவர்கள் எங்கே கோட்டை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வெளி ஓரத்தைக் கவனமாக வெட்டுவார்கள். உள்ளே இருக்கும் இடைவெளியை மறந்துவிடுவார்கள். இடுப்பில் கை வைத்து நிற்பவரின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே பழைய பின்னணி அப்படியே தங்கியிருக்கும். பரிசு வாங்கும் மாணவியின் கைவளைவுக்குள் யாருடைய சட்டைப் பொத்தானோ தெரியும். அப்படிப்பட்ட படங்களை அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்தப் படத்திலும் பார்த்துவிட்டேன். இடது காதுத் தொங்கட்டானுக்கும் கழுத்தில் சரிந்த முடிக்கும் நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடைவெளி. அதற்குள் நீலம் இல்லை. வெள்ளைக் கல் இருந்தது. கல்லில் முட்டை வடிவில் ஒரு செதுக்கல். அதை ஒட்டி அம்பு முனை போல் இன்னொன்று.

எந்தக் கோயில் என்று கணவரைக் கேட்டேன். கோயில் இல்லை, துருக்கி என்றார். கிள்ளானிலிருந்து ஒரு கூட்டமாகப் போன சுற்றுலாவில், எபேசு என்ற பழைய ஊரில் எடுத்தது. ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் முதல் மனைவிக்கு நோய் கண்டது. படம் அந்த அம்மாவின் கைப்பேசியில் இருந்ததாம். ஸ்டூடியோவில் ஒரு பிரதி எடுத்ததோடு அந்தக் கைப்பேசியும் செத்துப்போயிற்று. வேறு படம் எதுவும் சரியாக இல்லையா என்று கேட்டேன். "இதுலதான் நல்லா சிரிச்சிருக்கா," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது நாற்பத்தொன்பது வயது. அதுவரை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தேன். அவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர் பேசி முடித்தார். நல்ல மனிதர். சத்தம் போடமாட்டார். காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி கலக்குவார். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்தப் படத்தின் மேல்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கி அந்தப் படத்துக்குப் போடுவது என் வேலை. அதில் வருத்தம் இல்லை. தீபாவளிச் சேலைதான் கொஞ்சம் கஷ்டம். புதுச் சேலையை முதலில் படத்தின் முன்னால் தட்டில் வைத்துப் படைக்க வேண்டும். அவர் உடுத்தியதாக நினைத்துக்கொண்டு, பிறகு நான் உடுத்த வேண்டும். சுமங்கலியாகப் போனவருக்கு வீட்டில் அதுதான் மரியாதை என்று என் நாத்தனார் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிட்டார். கணவரின் தங்கை அவர். அடுத்த தெருவில் இருக்கிறார். முதல் மனைவியைப் 'பெரிய அண்ணி' என்பார். என்னை 'அண்ணி' என்பார். நான் படத்தில் இருப்பவரை 'அக்கா' என்று சொல்லவேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். ஒரு தீபாவளிக்கு நான் மயில் கழுத்து நிறத்தில் எடுத்திருந்தேன். கடையில் எனக்காக நானே பார்த்துப் பார்த்து எடுத்தது. தட்டில் வைத்ததும் நாத்தனார் கண் கலங்கி, பெரிய அண்ணிக்குப் பிடித்த கலரையே எடுத்திருக்கிறீர்களே என்றார். அந்தச் சேலையை நான் அதற்குப் பிறகு உடுத்தவில்லை.

நாத்தனாரின் புகழ்ச்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடியும். பெரிய அண்ணி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரே லயத்து வீட்டில் ஒன்பது பேர். கல்யாணம் செய்து வந்தது மாமனார், மாமியார், கொழுந்தன்மார் இருந்த வீட்டுக்கு. "ஒரு நாளும் தனியா பாசாருக்குக்கூடப் போனதில்ல அண்ணி. அண்ணன் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க." இதைச் சொல்லும்போது நாத்தனார் என்னைப் பார்ப்பார். வேலை முடிந்து பின்னிரவில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் தனியாக நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் நான் பொறாமைப்பட்டது இதற்கெல்லாம் இல்லை. அந்தச் சிரிப்புக்கு.

படங்களைப் பார்த்தே பிழைத்தவள் என்பதால் சொல்கிறேன். கேமராவுக்காகச் சிரிப்பவர்கள் உதட்டை முதலில் தயார் செய்துவிடுவார்கள். கண் பிறகு மெதுவாக வந்து சேரும், சில சமயம் வராமலே போகும். எதிரில் இருக்கும் ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குக் கண்தான் முதலில். பார்வையும் லென்சில் நிற்காது, சற்று மேலே போகும். அக்காவின் வாய், ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தியதுபோல் லேசாகத் திறந்திருந்தது. பார்வை சற்று மேலே போயிருந்தது. அந்த உயரத்தில் என் கணவரின் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவர் உயரமானவர். சரியாகப் பொருந்தியது.

அப்படி ஒரு சிரிப்பு ஒரு பெண்ணுக்கு வருகிற மாதிரி அவர் அன்றைக்கு ஏதோ சொல்லியிருக்கிறார், அல்லது செய்திருக்கிறார். என்னிடம் அப்படி எதையும் அவர் சொன்னதில்லை. சொல்லத் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தவர் என்றால், எனக்கு மிச்சம் வைக்காமல் அதை எங்கேயோ செலவழித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். இதை நான் யாரிடமும் கேட்கமுடியாது. இறந்தவர் மேல் பொறாமை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

துருக்கிக்குப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். எல்லாரும் போகிறார்களே என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னேன்.

"நான்தான் பாத்துட்டேனே லா," என்றார். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரம் நான் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு நாள் பயண முகவரின் கடையிலிருந்து வண்ணத் தாள் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். எபேசு அதில் ஆறாவது நாள்.

எங்களோடு இருபது பேர் போல வந்தார்கள், பெரும்பாலும் கிள்ளான்காரர்கள். சம்பல் டப்பா, மேகி, ஊறுகாய், மடக்கும் குடை எல்லாம் வந்தன. ஒருவர் சிறிய ரைஸ் குக்கரே கொண்டுவந்திருந்தார். முதல் ஐந்து நாளும் நான் பழைய ஊர்களையும் மசூதிகளையும் பார்த்தேன், குறிப்பெடுக்கவில்லை. எபேசுவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அங்கே அந்த முட்டையும் அம்பும் செதுக்கிய கல்லைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் கணவரை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அவர் முகம் மாறினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஊரை ஒரு சரிவில் கட்டியிருக்கிறார்கள். பேருந்து மேல் வாசலில் இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே போய்விடும். பயணிகள் இடிபாடுகளின் நடுவே இறங்கி நடந்து கீழ் வாசலில் ஏறிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது வழிகாட்டிப் பெண் தெளிவான ஆங்கிலத்தில் எச்சரித்தார்: சலவைக்கல் பாதை வழுக்கும், முட்டி வலி உள்ளவர்கள் பேருந்திலேயே கீழ் வாசலுக்குப் போய்க் காத்திருக்கலாம். கணவர் என்னைப் பார்த்தார். நான் இறங்கினேன். அவரும் இறங்கினார்.

முதல் தூணைப் பார்த்த இடத்திலேயே எனக்குச் சிக்கல் புரிந்துவிட்டது. கீழே கிடந்த உத்தரக்கல்லில் முட்டை, அம்பு, முட்டை, அம்பு என்று ஒரு வரிசை. அடுத்த கல்லிலும் அதே. கதவு நிலை, தூண் தலை, உடைந்து புல்லுக்குள் கிடந்த துண்டு எல்லாவற்றிலும் அதே. நம் ஊரில் கோலத்துக்குப் புள்ளி மாதிரி, அந்த ஊர்க் கல்தச்சர்களுக்கு அது ஓரம் கட்டும் வேலை. நகம் அளவுத் துண்டு ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருந்தேன். ஊர் முழுக்க அந்த அடையாளத்தால்தான் கட்டப்பட்டிருந்தது.

வெயில் நேராக இறங்கியது. தெரு நெடுகச் சலவைக்கல், நடுவில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம். உடைந்த தூண்களின் மேல் பூனைகள் படுத்திருந்தன. பொதுக் கழிப்பறை ஒன்று. சுவர் ஓரமாக நீளக் கல் பலகை, அதில் பக்கம் பக்கமாகத் துளைகள், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. கணவர் அதை நின்று பார்த்துவிட்டு, நம் பாசார் கழிப்பறைக்குக் கதவாவது இருக்கிறது என்றார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பார்த்த இடத்துக்குத் திரும்பி வந்தவர் போல் அவர் நடக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். இது என்ன, அது என்ன என்று வழிகாட்டியை விடாமல் கேட்டார். தெரு இறங்கி முடியும் இடத்தில், இரண்டு அடுக்குத் தூண்களோடு அந்தப் பெரிய நூலகத்தின் முகப்பு வெயிலில் நின்றது. அதைப் பார்த்ததும் அவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"இவ்ளோ பெரிசா," என்றார்.

நூலகப் படிகளில் படம் எடுக்க வரிசை நின்றது. நான் அவரை நிழலுக்கு இழுத்து, தண்ணீர் கொடுத்து, எவ்வளவு சாதாரணமாகக் கேட்கமுடியுமோ அவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன்.

"அக்கா படத்த எங்க வச்சி எடுத்தீங்க?"

"எந்தப் படம்?"

"சாமி ரூம்ல இருக்கிறது."

"அதுவா. அத நான் எடுக்கல." தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினார். "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல லா. முட்டி வலின்னு பஸ்ஸோட கீழ போயிட்டேன். அங்க ஒரு டீக்கடை இருக்கும் பாரு, அங்கதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப யாரு எடுத்தா?"

"யாருக்குத் தெரியும்? கூட வந்தவங்க யாராச்சும் எடுத்திருப்பாங்க. இல்ல, எவனாச்சும் வெள்ளைக்காரன். எல்லாரும் வந்துட்டாங்க, இவள மட்டும் காணோம். டிரைவர் ஹார்ன் அடிக்கிறான். ரொம்ப நேரம் கழிச்சி ஆடி அசைஞ்சி வர்றா, மூஞ்செல்லாம் வெயில்ல செவந்துபோயி. எங்க போனன்னு நாலு பேர் முன்னால திட்டிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சும்மா நடந்தேன்னு சொன்னா." கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸுலகூட அப்படியே சிரிச்சிக்கிட்டுதான் வந்தா. என்னையத்தான் கிண்டல் பண்றாளோன்னு நெனச்சேன்."

ஒரு முட்டை-அம்புக் கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

இத்தனை வருடம் துருக்கியைப் பற்றி இவர் என்னிடம் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். டீ சின்னக் கண்ணாடிக் குவளையில் வரும், கைப்பிடி இருக்காது. ரொட்டி எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். பூனைகள் மேசை மேல் ஏறும். நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிகழ்ச்சிக்குப் போகாத நிருபரின் செய்தியில் சாப்பாடு மட்டும் விரிவாக இருக்கும். அதை வைத்தே நாங்கள் பிடித்துவிடுவோம். வீட்டில் நான் பிடிக்கவில்லை. சொல்லமுடியாத அளவுக்கு அது அவருக்குப் பெரிய நினைவு என்று எடுத்துக்கொண்டு, அந்த மௌனத்தின் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு இவருக்கானது இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இருந்தது, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்.

பிறகு நான் பார்க்க ஆரம்பித்தது படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை. லயத்து வீட்டில் ஒன்பது பேரோடு வளர்ந்து, கொழுந்தன்மார்களுக்குச் சோறு வடித்து, பாசாருக்கும் தனியாகப் போகாதவர். கணவருக்கு முட்டி வலித்த ஒரு காலை வேளையில், மேல் வாசலிலிருந்து கீழ் வாசல்வரை யாருடைய மனைவியாகவும் இல்லாமல் இந்தச் சலவைக்கல் தெருவில் இறங்கியிருக்கிறார். கூட்டத்தைப் போகவிட்டு நின்றிருக்கிறார். மொழி தெரியாத யாரிடமோ கைப்பேசியை நீட்டி, ஒரு படம் எடுங்கள் என்று சைகை காட்டியிருக்கிறார். கீழே ஒருவர் கோபமாகக் காத்திருப்பது தெரியும். தெரிந்தும் மெதுவாக நடந்திருக்கிறார்.

எனக்குத் தனிமை இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாவி, ஒரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் கேட்காத பகல். அதில் ஒரு நாள்கூட நான் அப்படிச் சிரித்ததாக எந்தப் படமும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு காலை கிடைத்தது. அதை வைத்து இவ்வளவு செய்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. முன்பு எரிந்ததைவிட அதிகமாக.

கணவரிடம், நீங்கள் இங்கேயே நிழலில் இருங்கள், நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்றேன். தனியாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நூலகத்தைத் தாண்டி, பெரிய அரங்கத்தின் கல் படிகளில், ஏற அனுமதிக்கிற உயரம்வரை ஏறினேன். அங்கிருந்து ஒரு நேரான அகலத் தெரு தெரிந்தது. இரண்டு பக்கமும் உடைந்த தூண்கள். தெருவின் முடிவில் ஒரு காலத்தில் துறைமுகம் இருந்ததாம்; ஆற்றுச் சேறு அடைத்து, கடல் பல மைல் தள்ளிப் போய்விட்டது. இப்போது நாணல்தான். போர்ட் கிள்ளான்காரருக்கு இதைக் காட்டவேண்டும் என்று முதலில் தோன்றியது. தனியாக இருக்க ஏறியவளுக்கு அவரைத்தான் முதலில் தோன்றியது என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஓர் ஐரோப்பியப் பெண்மணி படியில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை நீட்டினேன். எடுத்துக் கொடுத்தார், சிரிக்கவும் சொன்னார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கைப்பையை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உதடு முதலில் தயாராகியிருக்கிறது. கடவுச்சீட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கிறது. மணியைப் பார்த்தேன், பேருந்துக்கு நேரமாகிவிடுமோ என்று இறங்கிவிட்டேன். கூட்டத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான்.

ஊருக்குத் திரும்பியதும் நாத்தனார் எல்லாப் படங்களையும் பார்த்தார். அரங்கத்துப் படம் வந்ததும் விரலை நிறுத்தினார்.

"இது நல்லா இருக்கு அண்ணி, பெரிசு பண்ணி வைங்க. பின்னால உதவும்." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சாமி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேகமாக அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

அன்று இரவே அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. கணவர் சாமி அறையில் நிற்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். இப்போது வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முருகனை விட்டுவிட்டுப் பக்கத்துப் படத்தை உற்றுப் பார்க்கிறார். காதோரத்து இடைவெளியைப் பற்றி நான்தான் அவருக்குச் சொன்னேன், திரும்பி வந்த விமானத்தில், ஏன் அந்தக் கேள்வி கேட்டாய் என்று அவர் கேட்டபோது. அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது அவருக்கு அந்த ஊர் தெரியும். அந்தத் தெருவில் வழுக்காமல் நடக்கத் தெரியும். அந்தக் காலையில் தன் மனைவி எங்கே போனாள் என்பதை இத்தனை வருடம் கழித்து அவர் தேட ஆரம்பித்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் பூவோடு உள்ளே போனபோது கேட்டார். "இது லைப்ரரி முன்னாலயா? இல்ல, மேல அந்த வாசல்கிட்டயா? ஒனக்குத்தான் படமெல்லாம் பாத்தா தெரியுமே."

முகத்தில் விழுந்த நிழலை வைத்து நேரத்தைச் சொல்லியிருக்கலாம். நேரத்தை வைத்துத் தெருவில் எந்தப் பகுதி என்று ஓரளவு நெருங்கியிருக்கலாம். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு வரைபடத்தை விரித்து, அக்காவைத் தேடியிருக்கலாம்.

"எல்லாக் கல்லுலயும் அதே வேலைப்பாடுதாங்க இருந்துச்சி," என்றேன். அது உண்மை.

அவர் தலையாட்டினார். நான் மல்லிகைச் சரத்தை வழக்கமாகச் சட்டத்தின் நடுவில் போடுவேன். அன்றைக்கு ஒரு பக்கமாகத் தள்ளி, இடது காது மறையும்படி போட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. நான் சமையலறைக்கு வந்த பிறகு அவர் உள்ளே போகிறார். சரத்தை ஒரு விரலால் மெதுவாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். இங்கிருந்து அவர் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. என் திட்டத்தில் எபேசுவில் நான் பார்க்க நினைத்திருந்த முகம் அது.